பழைய மரம் இழைக்கும் முன் அழுக்கெடுக்க: நைலான் கப் பிரஷ் எப்படி?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீட்டு மரம் வாங்கி இழைத்துப் பலகையாக்குகிறவர்கள் அழுக்கெடுக்க ஏதாவது கேட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால், கடைக்காரர் யோசிக்காமல் எடுத்து நீட்டுவது இரும்புக் கம்பி கப் பிரஷ்தான், அதாவது ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிச் சுழற்றும் கிண்ண வடிவ பிரஷ். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உரசும் பொடி கலந்த நைலான் கப் பிரஷ் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன், ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுப்பேன். மீதி ஒன்றைப் பிடித்துவைத்ததற்கு வேகம்தான் காரணம். அந்த விஷயம் தெரியாமல் வாங்கியவர்கள் பிரஷ்ஷே மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் செட்டிநாட்டு மரம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது தூண், கதவு, செதுக்கல் வேலை செய்த நிலை எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். அழகில்லாத கைமரம், உத்தரம், மச்சுப் பலகை இதெல்லாம் பழைய மர வியாபாரிகளிடம் கன அடிக் கணக்கில் வரும். செட்டியார்கள் பர்மாவில் லேவாதேவி செய்த காலத்தில் கப்பலில் வந்த தேக்கு. இன்றைக்குத் தோட்டத்தில் இருபது வருடம் வளர்த்து வெட்டுகிற தேக்கோடு இதை ஒப்பிடவே முடியாது, வளையங்கள் அவ்வளவு நெருக்கம். ஆனால் கைக்கு வரும்போது அதைத் தேக்கு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சுவருக்குள் இருந்த முனையில் சுண்ணாம்புக் காரை, மேல்பக்கம் ஓட்டுக்கு அடியில் சேர்ந்த மண், துளைகளில் குளவிக் கூடு, ஓரத்தில் கரையான் போட்ட மண் தடம், அடுக்களைக்கு மேலே இருந்த மரம் என்றால் பல தலைமுறைக் கரிப்பிசின். அதுக்கும் மேலே, வியாபாரி மழையிலும் வெயிலிலும் போட்டு வைத்த நாட்களில் ஏறிய சாம்பல் நிறம்.

அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்து மரம் செத்துப்போச்சு என்று விலை குறைத்துக் கேட்கலாம், கேளுங்கள், ஆனால் நீங்கள் நம்பிவிடாதீர்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மரநார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னினை உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சிய நார் மட்டும் வெளுத்து நிற்கிறது. இது மேல்தோல் சமாச்சாரம். உளியால் லேசாக ஒரு சீவல் எடுத்துப் பார்த்தால் உடனே தங்க நிறம் தெரியும், தேக்கு வாசமும் வரும். அதனால் நிறத்தை எடுக்க பிரஷ் போட்டு மெனக்கெட வேண்டாம், அதை இழைப்பு மிஷின் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடும். பிரஷ்ஷுக்கு வேலை மண், மணல், காரை, இந்த மூன்றும்தான்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பவர்கள் ஒருமுறை இழைப்பு மில்லுக்குப் பழைய மரம் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நான் போன மில்லில், பெயர் வேண்டாம், வண்டியில் இருந்து இறக்குவதற்குள்ளேயே "பழைய மரமா? ஆணி பட்டா பிளேடு காசு உங்க கணக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினத்தை ஒன்று முதல் பத்துவரை அளக்கும் மோ அளவுகோலில் 7. பிளேடின் கூர் விளிம்பு மயிரிழை கனம்கூட இருக்காது. மகிட்டா 2012என்பி மாதிரி ஒரு 12 அங்குல மிஷினை எடுத்துக்கொண்டால் அதில் இரண்டு பிளேடு, நிமிடத்துக்கு 8500 சுற்று. அந்த வேகத்தில் ஒரு மணல் பருக்கை மாட்டினால் கூர் மழுங்கும், ஆணி மாட்டினால் பல் விழும். பல் விழுந்த இடம் அதற்கப்புறம் போகிற எல்லாப் பலகையிலும் தலையிலிருந்து கால்வரை ஒரு மெல்லிய வரப்பாகத் தெரியும். ஒரு பிளேடை அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடப்பக்கம் தள்ளி மாட்டினால் அந்த வரப்பு மறையும், அது தற்காலிகம்தான். இத்தனைக்கும் தேக்கின் உடம்பிலேயே சிலிக்கா உண்டு, அதனால் சுத்தமான தேக்கே மற்ற மரத்தைவிடச் சீக்கிரம் பிளேடைத் தின்னும். அதன்மேல் வெளி மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, பிரஷ்ஷுக்கு வருவோம்.

இரும்புக் கம்பி கப் பிரஷ்ஷில் இரண்டு வகை. கம்பியைக் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டியது ஒன்று, நெளிநெளியாகத் தளர்வாக விட்டது இன்னொன்று. முறுக்கியது வெல்டிங் கசடு எடுக்கவும் துரு எடுக்கவும் செய்த சாமான், மரத்தில் வைத்தால் காரை போகும், கூடவே மரமும் போகும். தேக்கில் ஒவ்வொரு வளையத்திலும் மென்மையான பகுதி ஒன்று, கெட்டியான பகுதி ஒன்று இருக்கிறதல்லவா, மென்மையானதை மட்டும் தோண்டிவிட்டு கெட்டியானதை மேடாக நிறுத்திவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஹோட்டல் சுவரில் ஒட்டுகிறவர்கள் அதற்காகவே செய்கிறார்கள். ஆனால் நமக்கு வேண்டியது சமதளம். அந்தப் பள்ளத்தின் அடிவரை இழைத்தால்தான் சமதளம் கிடைக்கும், ஒரு அங்குலப் பலகையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் போனால் கால்வாசி மரம் சீவலாகக் குப்பைக்குப் போச்சு. கன அடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மரம் சார்.

நெளிகம்பி பிரஷ் இவ்வளவு மோசமில்லை. அதன் பிரச்சினை வேறு. கம்பி உடைந்து தெறிக்கும். தெறிப்பதில் பாதி உங்கள் சட்டையில், மீதி மரத்தின் துளைகளுக்குள். மரத்துக்குள் குத்தி நின்ற ஒரு கம்பித் துண்டைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம், விரல் நுனியால் தடவினால் சுருக்கென்று குத்தும், அப்போதுதான் தெரியும். இரண்டு மழைநாள் ஈரக்காற்று பட்டதும் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் மிளகளவு கறுப்புப் புள்ளி விழும். இரும்பும் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறுப்பு அது. ஆழமாகப் போயிருந்தால் இழைத்தும் முழுசாகப் போகாது, ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவித்தான் வெளுக்க வேண்டும். பிளேடு மண்ணால் கெடக்கூடாது என்று பிரஷ் போட்டு, அதே பிளேடுக்கு எதிரே நாமே இரும்பு விதைத்து வைப்பதில் என்ன லாபம்?

இப்போது நைலான். இது துணி துவைக்கும் பிரஷ் நைலான் இல்லை. ஒவ்வொரு இழைக்குள்ளும் சிலிக்கான் கார்பைடோ அலுமினியம் ஆக்சைடோ பொடி கலந்து இழுத்திருப்பார்கள், அதாவது இழையே உப்புத்தாள். 46, 80, 120 என்று கிரிட் எண் போட்டு வரும், எண் குறையக் குறையப் பொடி பெரிது, சொரசொரப்பு அதிகம். இழைக்கப் போகிற மரத்துக்கு 80 போதும், மண் கெட்டியாகப் பிடித்திருந்தால் 46. 80க்கு மேலே உள்ள எண்கள் பாலிஷ் வேலைக்கு, நமக்குத் தேவையில்லை. இழை வளைந்து கொடுக்கும் என்பதால் கைமரத்தின் கோணல்மாணல், பழைய வெட்டுவாய்ப் பள்ளம், ரம்பம் போன தடம் எல்லாவற்றுக்குள்ளும் இறங்கி மண்ணைக் கிளப்பிவிடும், மரத்தைத் தோண்டாது. எங்கள் ஆசாரி அண்ணன் இந்த மாதிரிப் புதுச் சாமானை எல்லாம் லேசில் ஒத்துக்கொள்கிறவர் இல்லை. ஒரு உத்தரத்தில் பாதிக்குக் கம்பி பிரஷ்ஷும் பாதிக்கு நைலானும் போட்டு இரண்டையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர், "தம்பி, அந்தக் கம்பி பிரஷ்ஷ கேட்டுக்குத் துரு எடுக்க வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் வாயில் இருந்து வந்தால் அதுதான் ஐஎஸ்ஐ முத்திரை.

அந்த வேக விஷயம் இதுதான். பட்டறைகளில் இருக்கும் ஏஜி4, அதாவது நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர், சாதாரணமாக நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடும். என்னிடம் உள்ள நைலான் கப்பில் அதிகபட்சம் 4500 என்று எழுதியிருக்கிறது, அதுவும் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய எழுத்தில். கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். முழு வேகத்தில் வைத்தால் உரசல் சூட்டில் நைலான் உருகி மரத்தில் கறுப்பாகப் பட்டை பட்டையாக ஒட்டும், இழைகள் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை கட்டும், அரைமணி நேரத்தில் பிரஷ் முடிந்தது. ஆபத்தும்கூட, அந்த வேகத்துக்குச் செய்யாத சாமான் கழன்று பறந்தால் முகத்தில்தான் வரும். ஆக வேகம் குறைக்கும் சக்கரம் உள்ள கிரைண்டர் வேண்டும், அதில் 3000 பக்கம் வைத்துக்கொண்டால் சொன்னபடி கேட்கும். அந்த மிஷின் இல்லாதவர்கள் ஆறு மில்லிமீட்டர் தண்டு வைத்த நைலான் கப் வாங்கி டிரில்லில் மாட்டுங்கள், டிரில்லின் வேகமே இதற்குப் போதும், என்ன, கை வலிக்கும். தயாரிப்பாளர்கள் அட்டையில் இந்த வேகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் ஐந்துக்கு நாலரை கொடுத்திருப்பேன்.

ஓட்டும் முறையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மரத்தின் ரேகை போகும் திசையில், அழுத்தாமல், மிஷினின் எடையே போதும் என்று விட்டு இழுக்க வேண்டும். அழுத்தினால் இழை மடங்கி அதன் பக்கவாட்டுதான் மரத்தில் படும், நுனி வேலை செய்யாது. முடிந்தபின் பெயின்ட் பிரஷ்ஷாலோ வாக்குவத்தாலோ தூசியை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் இழை தேயத் தேய அதில் உள்ள பொடியும் மரத்தில்தான் உதிர்கிறது, அதுவும் பிளேடுக்கு ஆகாது.

இந்த பிரஷ்ஷால் ஆகாத வேலைகளும் இருக்கின்றன. சுவருக்குள் இருந்த முனையில் விரல் கனத்துக்குக் காரை இருந்தால் நைலான் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். அதற்குப் பழைய உளியும் சுத்தியலும். காரை பெயர்ந்த பிறகு மிஞ்சும் வெள்ளைப் படிவத்துக்குப் பட்டித் தகடு, அப்புறம்தான் பிரஷ். குளவிக் கூட்டை ஈரம் இல்லாமல் இருக்கும்போது ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் முழுசாகக் கழன்று வரும், தண்ணீர் விட்டால் சேறாகி உள்ளே இறங்கும். வெடிப்புகளுக்குள் இருக்கும் மணலுக்கு எந்த பிரஷ்ஷும் ஆகாது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து வைத்துக்கொண்டு வெடிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தால் கோடாக மணல் கொட்டும். எத்தனை முறை பார்த்தாலும், இவ்வளவுமா உள்ளே இருந்தது என்றுதான் தோன்றும். கம்ப்ரசர் இருப்பவர்கள் கடைசியில் ஒரு ஊது ஊதிவிடலாம். மரத்தின் இரண்டு தலைப்பிலும் ஒரு அங்குலம் ரம்பத்தால் வெட்டித் தள்ளிவிடுங்கள், தரையில் இழுத்த மரத்தில் சிறு கல் தலைப்பின் துளைக்குள்தான் ஏறி நிற்கும், அதைச் சுத்தம் செய்ய முயல்வது வெட்டி வேலை.

ஆணி தனிக் கதை. பழைய கொல்லன் பட்டறை ஆணிகளுக்கு உடம்பு சதுரமாக இருக்கும், தலை துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், உடம்பு மட்டும் மரத்துக்குள். மண் மூடியிருக்கும் வரை கண்ணுக்கே தெரியாது, பிரஷ் போட்ட பிறகு கறுப்பு வட்டமாகக் காட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால் நைலான் பிரஷ்ஷால் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான், சுத்தம்கூட இரண்டாவது. கம்பி பிரஷ் போட்டால் இந்த வட்டத்தையும் சேர்த்துக் கலைத்துவிடும், கூடவே புதுக் கம்பியும் விழுந்து கிடக்கும், எது ஆணி எது பிரஷ் என்று காந்தத்துக்கே குழப்பம் வரும். வட்டம் தெரிந்த இடத்தில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு நகர்த்தினால் ஆணி மேலாக இருக்கும் இடத்தில் சாயும். பித்தளை ஆணிக்குக் காந்தம் அசையாது. மால் வாசலில் காவலர் வைத்திருக்கும் அந்த மெட்டல் டிடெக்டர் தடி ஒன்று வாங்கினால் இரண்டையும் காட்டும், ஆனால் அது ஒரு சாண் அகலத்துக்குச் சேர்த்துக் கத்தும், துல்லியமான இடத்துக்குக் காந்தம்தான். இரண்டும் கையில் இருப்பது நல்லது.

தண்ணீர் விட்டு அடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கார் கழுவும் பிரஷர் வாஷரால் கழுவிய மரம் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் மேலே இருந்த மணலில் ஒரு பங்கு வேகத்தில் வெடிப்புக்குள் போய் உட்காரும், நார் சிலிர்த்து எழும், மரம் நனையும். நூறு வருடம் காய்ந்த மரத்தை நனைத்துவிட்டு மறுபடி காயக் காத்திருப்பது யாருக்கு முடியும்? அவசரப்பட்டு வெயிலில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பலகை கோணிக்கொள்ளும். களிமண் அப்பிய மரம் என்றால் மட்டும் தேங்காய் நார் பிரஷ்ஷும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துத் துடைத்தெடுத்து, நிழலில் குறுக்குச் சட்டம் வைத்து அடுக்குங்கள். மற்றபடி வேலை முழுவதும் உலர்ந்தே நடக்கட்டும்.

கரிப்பிசின் பிடித்த அடுக்களை மரத்தில் நைலான் திணறும், இழைகளுக்கு நடுவே கரி அடைத்துக்கொள்ளும். முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரஷ் போட்டால் பரவாயில்லை. துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயப் போடுங்கள். சில கைமரங்களில் கரையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்திருப்பார்கள், கறுப்பாக, வார்னிஷ் போலக் கெட்டியாக இருக்கும். அந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் போடும் ரகம், பழசுதானே என்று வெறும் கையால் தொடாதீர்கள், அதற்கு பிரஷ் வேண்டாம், பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். பழைய பச்சை பெயின்ட், நீல பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல் சட்டத்தில் எந்த பிரஷ்ஷையும் சுழலவிடாதீர்கள். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயின்ட் தூளைக் காற்றில் கிளப்பினால் பட்டறையில் இருக்கும் எல்லோர் மூச்சிலும் போகும். லேசாக ஈரம் தெளித்துக் கையால் சுரண்டி, சுரண்டியதைப் பொட்டலம் கட்டித் தனியாகப் போட வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் கதவைத் தொடாமலே விடலாம். சாதாரண மரத்துக்கே என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள், தேக்குத் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பும் கொடுக்கும்.

விலை: கம்பி கப் நூறு, நூற்றைம்பது ரூபாயில் கிடைக்கும்போது நைலான் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் ஒரு பிரஷ் எங்களுக்கு ஒரு சின்ன வண்டி லோடு மரம்வரை வந்தது. ஒரு செட் பிளேடைச் சாணை பிடிக்கக் கொடுக்கும் கூலியையும், அது திரும்பி வரும்வரை மிஷின் சும்மா நிற்பதையும் கணக்கில் சேர்த்தால் நைலான்தான் மலிவு. பெரிய அளவில் செய்பவர்களுக்கு மகிட்டா 9741 என்று தனி மிஷினே இருக்கிறது, 120 மில்லிமீட்டர் அகல உருளை பிரஷ், நிமிடத்துக்கு 3500 சுற்று. கப் பிரஷ்போல வட்ட வட்டமாகச் சுற்றாமல் ரேகையோடு நேராக உருளும், வேலை சீராக வரும். ஆனால் அதன் விலைக்கு மாதாமாதம் லோடு இறக்கும் பட்டறைக்குத்தான் கட்டுப்படியாகும். ஒரே ஒரு பழைய பலகையை வைத்து ஊஞ்சலோ பெஞ்சோ செய்யப் போகிறவர்களுக்கு இதில் எதுவும் வேண்டாம், பித்தளைக் கம்பி வைத்த கை பிரஷ் ஒன்றும் பொறுமையும் போதும். பித்தளைத் துண்டு உடைந்து விழுந்தாலும் கறுப்புக் கறை வராது.

வாங்கும்போது மரையைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் நாலு அங்குல கிரைண்டருக்கு எம்10 (பத்து மில்லிமீட்டர் மரை), ஐந்து அங்குலத்துக்கு எம்14. ஆன்லைனில் படம் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் எம்14தான் வந்து இறங்கும். திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருங்கள்.